தடைக்காலமும் இரண்டு கால் திட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றதும், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் 'செல்போன் இருந்தால் போதும், மாதம் லட்சம்' என்ற கூட்டங்களும் தொடங்கிவிடுகின்றன. 61 நாள் தொழில் இல்லை. நிவாரணம் 8,000 ரூபாயோ மகளிர் குழுக் கடனோ கையில் இருக்கும். கூட்டம் அந்தப் பணத்துக்குத்தான்.

அஃபிலியேட் மார்க்கெட்டிங், அதாவது அடுத்தவர் பொருளை விற்றுக்கொடுத்துக் கமிஷன் வாங்குவது என்று பெயர் மாறியிருக்கிறது. உள்ளே பெரும்பாலும், உங்களுக்குக் கீழே இடது, வலது என்று இரண்டு பக்கமும் ஆள் சேர்க்கச் சொல்லும் பழைய இரண்டு கால் திட்டம்தான். சேருவதற்கு வாங்க வேண்டிய பேக்கேஜ் 6,000 ரூபாய், இடது காலில் ஒருவரும் வலது காலில் ஒருவரும் சேர்ந்தால் ஒரு ஜோடி, ஜோடிக்கு 1,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கீழே 2, 4, 8 என மூன்று வரிசை நிரம்பினால் 14 ஆள், 7 ஜோடி, 7,000 ரூபாய். நிர்வாகச் செலவு என்று 10 சதவீதம் பிடித்தால் 6,300. பதினாலு பேரைச் சேர்த்து, கட்டிய 6,000 போக மிஞ்சுவது 300 ரூபாய்! அதுவும் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால். இடது பக்கம் 10, வலது பக்கம் 2 என்று நின்றால் ஜோடி இரண்டுதான். மீதி 8 ஆள் வாரக் கணக்கு முடிந்ததும் 'வாஷ் அவுட்', அதாவது கணக்கிலிருந்தே அழிந்துவிடும் என்று விதிமுறையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

முதல் ஆளுக்குக் கீழே பத்து வரிசை நிரம்பினால் மொத்தம் 2,047 பேர். கடைசி வரிசையின் 1,024 பேருக்கு ஒரு பைசா கிடையாது. அதற்கு மேலே 512 பேருக்குத் தலா ஒரு ஜோடி, அதற்கும் மேலே 256 பேருக்குத் தலா மூன்று. போட்டதை எடுத்தவர்கள் உச்சியில் இருக்கும் 255 பேர்; 1,792 பேருக்கு நஷ்டம். அடுத்த வரிசை வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். நஷ்டப்படுகிறவர்கள் இரண்டு மடங்காவார்கள், அவ்வளவுதான். 'ஆளுக்கு ஐந்து பேர்' திட்டமென்றால் ஒன்பதாவது வரிசைக்கு மட்டும் 19,53,125 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே பதின்மூன்றரை லட்சம்.

கமிஷன் வாங்குவது தப்பில்லை. கரையில் மீன் ஏலம் விடுகிறவருக்கும் தரகு உண்டு, மீன் விற்றால். இன்னொரு ஏலக்காரரைக் கூட்டிவந்ததற்கு யாரும் தரகு தருவதில்லை. ஒழுங்கான அஃபிலியேட் வேலையும் அப்படித்தான்: சேரக் கட்டணம் இல்லை; உங்கள் லிங்க் வழியாக வெளியாள் வாங்கினால் சில சதவீதம்; அவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் அதுவும் போச்சு. பேக்கேஜில் வரும் சோப்பை உறுப்பினர் எண் (ஐடி) இல்லாமல் அதே விலைக்குப் பக்கத்து வீட்டில் விற்றுப் பாருங்கள். வாங்க ஆளில்லை என்றால், நீங்கள் கட்டிய பணம் சோப்புக்கு அல்ல. சோப்புக்குப் பதில் 'டிஜிட்டல் கோர்ஸ்' தருவது இன்னும் மோசம். அந்தக் கோர்ஸை விற்பது எப்படி என்பதுதான் பல கோர்ஸ்களில் பாடமே.

1978-ம் ஆண்டுப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டப்படி நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்வதும் கூடாது. 2021-ம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளும் இப்படி ஆள்மேல் ஆள் சேர்க்கும் பிரமிடு திட்டத்தைத் தடை செய்கின்றன. எழுத்து மூலமான ஒப்பந்தம், குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதமின்றி விலகும் வசதி, குறைதீர் அலுவலர் எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன. சேர்வதும் கூடாது என்று இருப்பதால்தான், மச்சானையும் சித்தி மகளையும் சேர்த்துவிட்டவர் புகார் கொடுக்கத் தயங்குகிறார். தயங்கும் நாட்களில் ஐடி முடங்கும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள், அத்தாட்சி போய்விடும். அதற்கு முன்பே உங்கள் கணக்கைக் காட்டும் பக்கத்தையும் (டேஷ்போர்டு) குழு உரையாடலையும் படம் எடுத்து, பணம் அனுப்பிய யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். உங்களைச் சேர்த்துவிட்ட மேலாளின் (அப்லைன்) சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யவே கூடாது. 'எங்களுக்கு வரவில்லை' என்று கம்பெனி எளிதாகக் கைகழுவும். ஆன்லைன் மோசடிக்கு உடனே 1930, நுகர்வோர் புகாருக்கு 1915, பெரிய தொகைக்குப் பொருளாதாரக் குற்றப் பிரிவு.

மீன் இறங்குதளங்களிலும் நிவாரண விண்ணப்பம் வாங்கும் இடங்களிலும் மீன்வளத் துறை இந்த 2,047 பேர் கணக்கை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். சமுதாயக் கூடத்தைக் கூட்டத்துக்கு விடும் ஊர்ப் பெரியவர்கள், சாவி கொடுக்கும் முன் கம்பெனியின் பதிவு எண்ணையும் அலுவலக முகவரியையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

– ஒரு வாசகர், தங்கச்சிமடம்