பீவரும் நம்ம குளத்துக் கரையும்

மக்கா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மகள் பேறுகாலத்துக்கு லண்டன் போன ஆள் பிள்ளையைத் தூக்காமல் எலி பார்க்கப் போகிறான் என்று மயினி போனில் புலம்பினாள். பீவரும் எலி வகைதானே, அவள் சொல்வதிலும் தப்பில்லை. ஆனாலும் ரயிலும் கடைத்தெருவுமாக இருக்கிற கிரீன்ஃபோர்டில், 2023 அக்டோபரில் கொண்டுவந்து விட்ட குச்சியும் சேறும் வைத்து ஓடையில் அணை கட்டுகிற ஒரு பீவர் குடும்பம், புயல் பிய்த்துப்போட்ட அணையை அன்றைக்கு இருட்டும்போதே வந்து அடைக்கிறது என்றால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? சேற்றை முன்னங்காலால் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து அப்பியது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். வாலில் வைத்துச் சுமக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதைதான் போல.

இங்கேயும் மழைதான். ஒக்கி அடித்த 2017 மாதிரி இல்லை. ரப்பரும் வாழையும் தப்பின. ஆனால் நம் குளத்துக் கரை படித்துறைக்குக் கிழக்கே உடைத்துக்கொண்டது. எல்லாம் நண்டு வளையால் வந்த வினை. முதல் நாள் வெளிச்சரிவில் விரல் கனத்துக்குக் கசிந்தது, தெளிந்த தண்ணீர். மறுநாள் காலையில் அதே கசிவு கலங்கி வந்தது. கலங்கினால் உள்ளே மண் கரைகிறது என்று உனக்குத் தெரியுமே. ஆள் சேர்வதற்குள் கரை வாய் பிளந்துவிட்டது. வேர் பிடித்து நின்ற கும்பப்பூ நெற்பயிரின் மேல் மணல் மேவிவிட்டது. அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனால் ‘பார்க்கலாம்’ என்றார்கள். அப்புறம் நம்ம பயல்களே தென்னந்தடி அடித்து, மட்டையும் மணல் மூட்டையும் போட்டு, மேலே களிமண்ணைக் கொட்டி மிதித்து அடைத்தார்கள். இந்த விஷயத்தில் உன் பீவருக்கு ஒரு கும்பிடு. அது மனு எழுதிக்கொண்டு இருப்பதில்லை.

ஆனால் ‘மிருகத்துக்கு உள்ள பொறுப்பு மனுசனுக்கு இல்லை’ என்று எழுதினாயே, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பீவரின் வீட்டு வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் வாசல் வெளியே தெரியும், நாயோ நரியோ மோப்பம் பிடித்து வரும். அந்த அவசரம் அதற்கு. அதை வேலைக்கு இழுப்பதில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்குப் பெரிய பங்கு. ஸ்வீடனில் லார்ஸ் வில்சன் என்பவர் அந்தச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டியபோது, தண்ணீரே ஓடாத இடத்திலும் அது குச்சியைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறது!

இதை நம் குளத்தில் விட்டால் முதலில் எதை அடைக்கும், சொல்லு? உபரித் தண்ணீர் வழிந்து போகிற மறுகாலைத்தான். சளசளவென்று சத்தம் வருவது அங்கேதானே. அதை அடைத்தால் அடுத்த மழைக்குக் கரை முழுசாகப் போய்விடும். பீவர் அணை குச்சிகளின் இடுக்கிலும் மேலேயும் நெடுக வழிந்துகொண்டே இருக்கும், அதற்கு மறுகால் தேவையில்லை. நம்முடையது மண் கரை. தண்ணீர் மேலேறி வழிந்தால் அரித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் கரையை உயர்த்துகிற ஆள்கூட மறுகாலில் கை வைப்பதில்லை. நிறுத்துவதோடு எங்கே விட்டுவிட வேண்டும் என்றும் யோசித்தவர்கள் நம் ஆட்கள். குறை சொல்வதென்றால் அந்த அலுவலகத்தைச் சொல்லு.

சில ஊர்களில் பீவர் அணையின் ஊடே ஒரு குழாய் பதித்து, அதன் வாயை அணையை விட்டுத் தள்ளி, ஆழத்தில் கம்பிக்கூண்டுக்குள் வைத்துவிடுவார்களாம். தண்ணீர் போகிற சத்தமே பீவருக்குக் கேட்காது. அணையும் நிற்கும், ஊருக்குள் வெள்ளமும் வராது. அங்கே அப்படி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுது. நம்ம குளத்துக்கு ஆகாது, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்துவிட்டார்கள், திற்பரப்பில் குளிக்க விடவில்லை. உன் வீட்டுப் பின்கட்டில் கொஞ்சம் ஓடு பறந்தது. ஆள் விட்டு மாற்றியாயிற்று. கூலியை இப்போது அனுப்ப வேண்டாம், வந்ததும் தந்தால் போதும். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையேடே!

உன்,
மணி