விருந்தோம்பல் துறை ஆசிரியர்களுக்கு, ஹோட்டல் வரவேற்பு மேசையிலிருந்து ஒரு திறந்த மடல்

பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் விருந்தோம்பல் பாடங்களை வகுத்து நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் ஹோட்டல்களின் வரவேற்பு மேசையில் 22 ஆண்டுகளாக வேலை பார்த்துவருகிறேன். உங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் வேலைப் பயிற்சிக்காக என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய பணிவிலும் உழைப்பிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் சிக்கல் வந்து மேசைமுன் நின்றதும் அவர்கள் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டுச் சென்னையில் இரவு விமானம் ஏறிய ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. உடன் வந்த பாட்டிக்குக் கால் வீங்கியிருந்தது. அறை கிடைப்பதோ பிற்பகல் மூன்று மணிக்கு. மேசையில் இருந்த பயிற்சி மாணவி முன்வைப்புத் தொகைக்காக (டெபாசிட்) கடன் அட்டையை வாங்கித் தேய்த்ததும், அந்தத் தந்தையின் கைப்பேசிக்கு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கழிந்ததாக வங்கியிலிருந்து செய்தி வந்துவிட்டது. "அறைக்குத்தான் முன்னாடியே கட்டியாச்சே, மறுபடியும் ஏன் எடுத்தீங்க?" என்று அவர் குரலை உயர்த்தினார். அது கட்டணம் அன்று, நிறுத்திவைப்பு மட்டுமே என்பதை மாணவி ஆங்கிலத்தில் சரியாகத்தான் சொன்னாள். அதே வாக்கியத்தை மூன்று முறை சொன்னாள். அவளும் தமிழ்ப் பெண், வீட்டில் தமிழ் பேசுகிறவள்.

நான் போய், "ஐயா, இது எடுத்த காசு இல்ல, உங்க கார்டுலயே ஓரமா நிறுத்தி வச்சிருக்கோம். நீங்க கிளம்புற அன்னிக்கு விடுவிச்சிடுவோம், பேங்க்ல திரும்பக் காட்டச் சில நாள் ஆகும்" என்றேன். அவர் அமைதியானார். பாட்டியை உட்காரவைத்துவிட்டு, அதிகாலையில் காலியான அறைகளில் எது சுத்தமாகித் தயாராக இருக்கிறது என்று அறைப் பராமரிப்புப் பிரிவைக் கேட்டு, பத்தரை மணிக்கெல்லாம் சாவியைக் கொடுத்தோம். பிறகு அந்த மாணவி என்னிடம் வந்து, "அண்ணே, இதத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். பள்ளிக்காலம் முழுவதும் தமிழ் படித்தவளுக்கு வேலைக்கான தமிழை யாரும் சொல்லித்தரவில்லை என்பது அன்று முழுவதும் என் மனத்தை உறுத்தியது.

இதைத் தனிப்பட்ட ஒரு மாணவியின் குறையாக நான் பார்க்கவில்லை. எங்கள் வேலையே மாறிவிட்டது. 2019இல் முகத்தை அடையாளம் கண்டு விருந்தினரைப் பதிவுசெய்யும் முறை இங்கே முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. இன்று பல ஹோட்டல்களில் தானியக்கக் கருவியிலேயே சாவியை எடுத்துக்கொண்டு மேலே போய்விடலாம். சிக்கல் இல்லாத விருந்தினர் கருவிக்குப் போய்விட, அட்டை ஏற்கப்படாதவர், முன்பதிவில் பெயர் மாறிப்போனவர், குழந்தைக்குக் காய்ச்சலோடு வந்தவர் என்று சிக்கலோடு இருப்பவர்கள்தாம் மேசைக்கு வருகிறார்கள். ஆனால் எங்களிடம் வரும் மாணவர்கள், கருவி இப்போது செய்கிற வேலையைத்தான் நன்றாகப் பயின்று வருகிறார்கள்.

மொழியை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2024இல் சிங்கப்பூருக்கு வந்த சுமார் 1 கோடியே 65 லட்சம் பயணிகளில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சீனாவுக்கும் இந்தோனீசியாவுக்கும் அடுத்தபடி அதுவே பெரிய எண்ணிக்கை. அவர்களில் தமிழர்களும் கணிசமானவர்கள் என்பதை மேசையில் நிற்கும் எவரும் சொல்வர். மேலும், 2023 செப்டம்பரிலிருந்து ஹோட்டல் அறைப் பராமரிப்புக்கும் சுமை தூக்கும் வேலைக்கும் இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் ஆள் எடுக்கலாம் என்றாகிவிட்டது. எங்கள் மாடிகளிலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்த அண்ணன்மார் சிலர் இப்போது வேலை செய்கிறார்கள். எந்தத் துப்புரவு மருந்தை எதனோடு கலக்கக்கூடாது, விருந்தினர் கதவைத் திறக்காவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அவர்களுக்குத் தமிழிலேயே விளக்கத் தெரிந்த இளம் மேற்பார்வையாளர் ஒருவர் கிடைத்தால் அந்த மாடியின் வேலையே சீராகிவிடும். ஆகவே தமிழ், மலாய், மாண்டரின் ஆகியவற்றில் மேசைப் பேச்சையும் மாடிப் பேச்சையும் மதிப்பெண்ணுள்ள செய்முறைப் பாடமாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இலக்கணத் தேர்வு தேவையில்லை. கோபமாக இருக்கும் ஒருவருக்குக் கட்டணத்தை விளக்கத் தெரிந்தால் போதும்.

அடுத்தது வேலைப் பயிற்சி. இங்கே பெரும்பாலான தவறு எங்கள் பக்கம்தான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விருந்துக் கூடத்தில் ஆள் குறைந்தால் பயிற்சி மாணவர்களை அங்கே அனுப்பி, மாதக்கணக்கில் நாப்கின் மடிக்கவைத்துவிடுகிறோம். அப்படி ஆறு மாதம் கழித்தவர்கள் இந்தத் துறையே வேண்டாமென்று போனால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதை மீறும் ஹோட்டலுக்கு அடுத்த ஆண்டு மாணவர்களை அனுப்பாதீர்கள். அந்தப் பட்டியலில் இரண்டு வாரமாவது இரவுப் பணி இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் அன்றைய கணக்கை முடிக்கும்போதுதான், ஓர் அறையின் வாடகை, பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து விதிக்கப்படும் பொருள் சேவை வரி, யாரோ தவறான அறையில் ஏற்றிவிட்ட உணவுச் செலவு எல்லாம் ஒரே ரசீதில் எப்படி வந்து சேர்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். காலையில் விருந்தினர் ரசீதை நீட்டிக் கேட்கும் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

தொழில்நுட்பக் கல்விக் கழகம் வழங்கும் உயர்நிலை நைட்டெக் சான்றிதழுக்கான பாடத்திட்டம் மூன்றாண்டாக அமைந்துள்ள நிலையில், இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்ல வேண்டியிருக்காது என நம்புகிறேன். ஆசிரியர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதமாவது மேசையில் எங்களோடு நின்றால் எங்களுக்கும் அது பெரிய உதவி.

நான் இப்போது பணிபுரியும் ஹோட்டலில் என் மேலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த பயிற்சிப் பருவத்தில் இரவுப் பணிக்கு இரண்டு மாணவர்களை, முறையான சுழற்சிப் பட்டியலோடு, ஏற்றுக்கொள்ள ஒப்புதல் கிடைத்திருக்கிறது. மேசையில் வழக்கமாக எழும் நாற்பது கேள்விகளையும் அவற்றுக்குத் தமிழில் நாங்கள் சொல்லும் பதில்களையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முடிந்ததும் உங்கள் துறைகளுக்கு அனுப்பிவைக்கிறேன். வகுப்பில் பயன்படுத்திப் பார்த்து, எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரவேற்பு மேசைப் பணிநேர மேலாளர் ஒருவர்,
சிங்கப்பூர்