மைல்கள் யார் பெயரில் இருக்கின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும் நேரம் வந்தாலே எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்துவிடும். எந்த விமானத்தில் போவது என்பதில் இல்லை, எந்த விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தில் சேர்வது என்பதில். பறக்கப் பறக்க மைல் சேர்த்து, பிறகு அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கும் திட்டம் அது. பெர்த்தில் வேலை பார்க்கும் என் மகன் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் கட்சி. செங்காங்கில் இருக்கும் என் தம்பி எஸ்க்யூவின் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) கிரிஸ்ஃபிளையர் கட்சி. நான் 1991ல் பட்டுக்கோட்டையிலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு மருமகளாக வந்தவள். ஆண்டுக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்கத் திருச்சிக்கு, ஒருமுறை பேரப்பிள்ளையைப் பார்க்க பெர்த்துக்கு. அவ்வளவுதான் என் விமானப் பயணம். அதற்கு இவ்வளவு விவாதமா என்று முன்பெல்லாம் நினைப்பேன்.

தம்பி சொல்வது இது: "அக்கா, ஒரே திட்டத்தில் சேர்த்துக்கொண்டே வந்தால் எலீட் சில்வர் கிடைக்கும்." நான் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எலீட் சில்வர் என்பது அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் உயர்நிலை உறுப்பினர் தகுதி. அதற்குப் பன்னிரண்டு மாதத்தில் 25,000 எலீட் மைல் (தகுதிக்கென்று கணக்கிடும் மைல்) வேண்டும். சிங்கப்பூரிலிருந்து சென்னை சுமார் 1,800 மைல். எகானமியில் மலிவான லைட் டிக்கெட்டுக்குப் பறக்கும் தூரத்தில் பாதிதான் கணக்கில் ஏறும். ஆக, போய்வந்தால் 1,800. சில்வர் வாங்க ஓராண்டில் பதினான்கு முறை சென்னைக்குப் போய்வர வேண்டும். அப்படிப் போனால் தம்பியின் மாமியார் வீட்டிலேயே கதவைத் திறக்கமாட்டார்கள். அப்படியே சில்வர் கிடைத்தாலும் விமான நிலைய ஓய்வறைக்குள் விடமாட்டார்கள். அதற்குக் கோல்டு வேண்டும், 50,000 மைல்.

மைலுக்காகவே போன ஆண்டு தம்பி மற்ற விமானங்களைவிட 140 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடக் கொடுத்து எஸ்க்யூவில் டிக்கெட் எடுத்தான். கிடைத்த 1,800 மைலை, ஒரு மைல் ஒரு காசு (சென்ட்) என்று மதிப்பிட்டால் 18 வெள்ளி. நியாயமாகச் சொன்னால், அந்த டிக்கெட்டில் 25 கிலோ பெட்டியும் சாப்பாடும் சேர்த்தி. மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனிக் காசு. தேக்கா சந்தையில் வாங்கிய சாமான்களோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த 25 கிலோதான் உண்மையான சலுகை. அவன் அதைச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். மைல் மைல் என்றதால்தான் வாதம் வளர்ந்தது.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதுகிறேன். நான் பேனாவை எடுத்த காரணம் வேறு.

என் கணவர் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவர். கம்பெனி செலவில் கொரியா, ஜப்பான், வளைகுடா என்று ஆண்டுக்கணக்கில் பறந்தார். 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிவைத்து மற்றவர்கள் பின்பற்றிய இந்தத் திட்டங்கள், என்னைப் போல் சொந்தக் காசில் எப்போதாவது போகிறவர்களைவிட அவரைப் போன்றவர்களுக்குத்தான் பொருந்தும். அறுபதாயிரத்துக்கும் மேல் மைல் சேர்த்து வைத்திருந்தார். "ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் ஐரோப்பா போவோம்" என்பார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். சில மாதம் கழித்து அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். உறுப்பினர் இறந்தால் கணக்கு முடிந்துவிடும், மைல்கள் குடும்பத்துக்கு வராது, விதிமுறையில் இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவருடைய மத்திய சேமநிதிப் பணத்துக்கு நியமனப் படிவம் எழுதி வைத்திருந்தார். மைலுக்கு அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்குத் தோன்றும்?

அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான். மைல்கள் யார் பெயரில் இருக்கும்? எப்போது சாகும்?

இந்தக் கண்ணோடு பார்த்தால் திட்டங்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன. கிரிஸ்ஃபிளையரில் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. இடையில் நீங்கள் பறந்தாலும் பழைய மைலின் தேதி தள்ளிப்போகாது. குவாண்டாஸில் பதினெட்டு மாதத்துக்குள் ஏதாவது ஒரு வரவோ செலவோ இருந்தால் போதும், புள்ளிகள் உயிரோடு இருக்கும். குடும்பத்தார் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொடுக்கவும் முடியும். எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸில் குடும்பமே ஒரு கணக்கில் சேர்த்து வைக்கலாம். கிரிஸ்ஃபிளையரில் அப்படிச் சேர்க்க முடியாது. ஆளுக்கொரு கணக்கு. நால்வர் உள்ள குடும்பம் ஊருக்குப் போய்வந்தால் நான்கு உண்டியலில் சில்லறை கிடக்கும், ஒன்றிலும் டிக்கெட் எடுக்கும் அளவு இருக்காது. ஆனால் உங்கள் மைலில் டிக்கெட் எடுத்துக்கொடுக்க ஐந்து பேர் வரை பெயர் பதிந்து வைக்கலாம். பலருக்கு இது தெரியவில்லை.

திருச்சிப் பயணத்துக்கு மட்டும் நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. ஊரிலிருந்து போன் வந்தால் அன்றிரவு எது கிளம்புகிறதோ அதில் ஏறுவேன். ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், எதுவானாலும் சரி. ஸ்கூட்டில் போனால் கிரிஸ்ஃபிளையர் மைல் வரும், ஆனால் தூரத்தை வைத்து அல்ல, கொடுத்த காசை வைத்து. இண்டிகோவும் 2024ல் புளூசிப் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. எஸ்க்யூவோடு ஏர் இந்தியாவும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால் அதில் போனாலும் கிரிஸ்ஃபிளையரில் மைல் சேர்க்கலாம். பெயரைப் பார்த்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள், அது அந்தக் கூட்டணியில் இல்லை. மைலைக் கொடுத்து டிக்கெட் எடுத்தாலும் சாங்கி விமான நிலையத்தில் கட்டவேண்டிய 60 வெள்ளிக்கு மேற்பட்ட கட்டணத்தை நாம்தான் கட்டவேண்டும். மலிவான திருச்சி டிக்கெட்டில் மைலைச் செலவழிப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. பெர்த்துக்குச் சேர்த்து வைப்பேன்.

கடன்பற்று அட்டையில் மைல் சேர்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வங்கிப் புள்ளியை விமான மைலாக மாற்ற ஒவ்வொரு முறையும் பல வங்கிகள் 25 வெள்ளிக்கு மேல் வாங்குகின்றன. மாற்றிய நாளிலிருந்து ஆயுள் கணக்கும் தொடங்கிவிடும். போகும் தேதி முடிவான பிறகு மாற்றினால் போதும்.

அப்புறம், சிராங்கூன் சாலை முகவரிடம் டிக்கெட் எடுக்கும் நம் மூத்தோருக்கு. உறுப்பினர் எண்ணை நீங்களாகச் சொன்னால்தான் டிக்கெட்டில் ஏறும். மறந்துவிட்டால் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். எஸ்க்யூ பயணத்துக்கு ஆறு மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம்.

விமான நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இறந்தவரின் மைலைக் கணவனுக்கோ மனைவிக்கோ மாற்றிக்கொடுங்கள். சேர்த்தவர் உங்கள் விமானத்தில் உட்கார்ந்து, வீட்டை விட்டுப் பிரிந்து சேர்த்தது அது. அந்த இரவுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவளுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் பத்திரிகை இத்திட்டங்களின் காலாவதி, வாரிசு விதிகளை எளிய தமிழில் ஒருமுறை தொகுத்து வெளியிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

கடைசியில் நான் கிரிஸ்ஃபிளையரில்தான் சேர்ந்தேன். பெர்த்துக்கு அதுதான் எனக்கு வசதி. காலாவதி மாதத்தைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஐந்து பெயரில் மகன், மருமகள், பேரன், அம்மா என நான்கு பேரைப் பதிந்தாயிற்று. ஐந்தாவது இடத்துக்குத் தம்பி தினமும் போன் செய்கிறான். இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி