ஒத்தொதுங்கல்: நண்பனுக்கு ஒரு பதில் கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். மகளும் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். வீடு கலகலப்பாக இருக்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்கும் அதுதான் காரணம்.

நடைபாதையில் எதிரே வருபவருக்கு வழிவிட நீ ஒரு பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்க, உடனே இருவரும் சேர்ந்தாற்போல் மறுபக்கம் ஒதுங்கி மீண்டும் முட்டிக்கொள்ளப் போகிறீர்களே, அந்தத் தடுமாற்றத்துக்கு ‘ஒத்தொதுங்கல்’ என்று பெயர் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்த மறுநாளே மாடிப்படியில் எனக்கு அது நேர்ந்தது. இதுவரை எத்தனையோ முறை நேர்ந்து, ஒவ்வொரு முறையும் சங்கடத்தோடு தலையைக் குனிந்தபடி கடந்து போயிருக்கிறேன். இம்முறை உன் சொல் நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டேன், எதிரே வந்தவரும் சிரித்தார். பெயர் இல்லாத வரைக்கும் அதை என் ஒருவனுடைய தடுமாற்றமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் வந்த பிறகு, அது உலகத்தில் எல்லோருக்கும் நேர்கிற ஒன்றாகிவிட்டது. சொந்தமாகச் சொல் ஆக்குவதில் உள்ள மகிழ்ச்சி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல்லின் அமைப்பையும் வெகுநேரம் ரசித்தேன். ‘ஒத்து’ என்பதன் கடைசியில் நிற்கும் உகரம், எதிரே ‘ஒதுங்கல்’ என்பதன் ஒகரம் வருவதைக் கண்டதும் தானே மறைந்து வழிவிடுகிறது. மனிதர் இருவர் செய்யத் தெரியாமல் திண்டாடும் வேலையை அந்தச் சொல்லுக்குள் ஓர் எழுத்து ஒழுங்காகச் செய்துவிடுகிறது. நீ இதை எண்ணித்தான் ஆக்கினாயா, இல்லை தானாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.

படிக்கும் காலத்தில் நம் அறையில் வழங்கிய சொற்கள் உனக்கு நினைவிருக்கும். அவை பெரும்பாலும் மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காக உருவானவை. நன்னூலார் இதற்கும் இடம் ஒதுக்கிக் குழூஉக்குறி என்று பெயரிட்டிருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதையும் உரைகாரர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். பறியும் காரையும் ஏன் அப்பெயர் பெற்றன என்று வெளியாளுக்கு விளங்காது. அவற்றின் வேலையே மறைப்பதுதான். ஆனால் சொல்விளம்பியைப் பார். உள்ளே போனதும் நாவை அவிழ்த்துவிட்டு, மனத்தில் இருப்பதையெல்லாம் விளம்பச் செய்கிற பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் யாரால் வைக்க முடியும்? பெயர் தெரியாத அந்த முதல் வேடனைக் கூப்பிட்டுக் கைகுலுக்க வேண்டும் போலிருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் வழங்கும் சொற்கள் எதையும் மறைப்பதற்காகப் பிறந்தவை அல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் அலமாரியின் கீழ் இழுப்பறையில், எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத சாவிகள், ஏதோ ஒரு கருவியிலிருந்து கழன்ற திருகாணிகள், மை தீர்ந்த பேனாவின் மூடி, கொடுக்கு உடைந்த கடிகாரப்பட்டை, நீளம் போதாத நூல்கண்டு ஆகியவை கிடக்கின்றன. தூக்கி எறியப் போகும் ஒவ்வொரு முறையும் யாராவது ‘இருக்கட்டும்’ என்பார்கள். ஆகவே அந்த இழுப்பறைக்கு என் மனைவி ‘இருக்கட்டி’ என்று பெயர் வைத்தாள். ‘இருக்கட்டும்’ என்ற முற்றிலிருந்து இப்படி ஒரு பெயர் பிறக்க இலக்கணத்தில் வழியில்லை. இருந்தும், வீட்டுக்கு வருகிற எவரிடமும் ‘அது இருக்கட்டியில் இருக்கும்’ என்று சொன்னால், இழுப்பறையைத் திறந்து பார்த்த நொடியில் பெயருக்கு விளக்கம் கேட்காமல் சிரிக்கிறார்கள். நாளடைவில் அச்சொல் இழுப்பறையை விட்டு வெளியேயும் நடமாடத் தொடங்கிவிட்டது. பயன்படாத பழைய கோப்புகளை அழிக்க மனமின்றிக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் இடத்தையும் இன்று மகள் இருக்கட்டி என்றே அழைக்கிறாள். ஆக்கிய இடத்திலிருந்து நகர்ந்து, வேறொன்றுக்கும் தானே பொருந்தத் தொடங்கும்போது ஒரு சொல்லுக்கு உயிர் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பேத்தி எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். ஐந்து வயதாகும் அவள், குடை என்ற சொல் அந்த நேரம் வாயில் வராததால் ‘மழைமூடி’ என்றாள். நானாக இருந்தால் ‘தலைமூடி’ என்றுதான் ஆக்கியிருப்பேன், நனையாமல் மூட வேண்டியது தலை என்பதால். அவள் பார்வையில் மூடப்படுவது மழை. குடையை விரித்தால் மேலே இருக்கும் மழைக்கு மூடி போட்டாயிற்று! மின்தூக்கிக்கு அவள் வைத்த பெயர் ‘மேலேத்தி’. அது கீழே இறங்கும்போதும் மேலேத்திதான்.

இத்தனை சின்னப் பிள்ளைக்கு இந்த வித்தை எப்படித் தெரிந்தது என்று வியக்கும்போதுதான் மொழியின் உள்ளமைப்பு கண்ணில் படுகிறது. வினையடியோடு ஓர் இகரத்தைச் சேர்த்தால் அந்த வேலையைச் செய்யும் ஆளோ பொருளோ பிறந்துவிடுகிறது. விசிறு விசிறியாகிறது, மூடு மூடியாகிறது, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தியாகிறது, தொட்டால் சிணுங்குவது தொட்டாற்சிணுங்கியாகிறது. தொலைநோக்கியை ஆக்கிய அறிஞர்கள் போன வழியும் மேலேத்தியை ஆக்கிய குழந்தை போன வழியும் ஒன்றே. பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாமல் விதியையே கைக்கொள்கிறார்கள் என்பதை 1958 ஆம் ஆண்டு ஜீன் பெர்க்கோ என்ற மொழியியலாளர் ஓர் ஆய்வில் காட்டினார். கற்பனையான உயிரினம் ஒன்றின் படத்தைக் காட்டி ‘இது ஒரு வக்’ என்று சொல்லி, பிறகு இரண்டைக் காட்டியபோது, வாழ்நாளில் கேட்டே இராத அச்சொல்லுக்கு ஆங்கிலம் பேசும் குழந்தைகள் தயங்காமல் ‘வக்ஸ்’ என்று பன்மை தந்தார்கள். ஒன்றுக்குப் பின்னால் நூறு சுழியங்கள் வரும் எண்ணுக்குக் ‘கூகால்’ என்று பெயர் வைத்ததும் கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னரின் உறவினனான ஒன்பது வயதுச் சிறுவன்தான். உலகமே அன்றாடம் பயன்படுத்துகிற தேடுபொறியின் பெயர் அந்தச் சிறுவனின் சொல் திரிந்து வந்தது.

பெரியவர்களாகிய நாம் இதை விட்டுவிட்டோம் என்று சொல்வாரும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ‘மழை கிழை வந்துவிடப் போகிறது’, ‘பேனா கீனா இருக்கிறதா’, ‘புத்தகம் கித்தகம் எடுத்து வைத்தாயா’ என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! கிழையும் கீனாவும் கித்தகமும் எந்த அகராதியிலும் இல்லை. முதலெழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ என்ற விதியை யாரும் நமக்குக் கற்றுத் தரவும் இல்லை. அந்தந்த நேரத்துக்குப் புதிதாக ஆக்கி, வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறோம். தமிழில் பேசுகிற எவரும் சொல்லாக்கம் தமக்கு வராது என்று சொல்ல முடியாது.

வீட்டுச் சொற்கள் வீட்டோடு போய்விடுமே என்று நீ எழுதியிருந்தாய். பெரும்பாலானவை போய்விடும்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 1754 ஜனவரியில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் தம் நண்பர் ஹொரேஸ் மேனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தேடாத நல்ல பொருள் தற்செயலாலும் கூரறிவாலும் கைக்கு வந்து சேர்வதற்குச் ‘செரண்டிப்பிட்டி’ என்ற சொல்லை ஆக்கி, அதற்குத் தாமே விளக்கமும் தந்தார். செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். வெகுகாலம் அதிகம் வழங்காமல் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் அது பரவலாயிற்று. ஒரு நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் பிறந்த சொல் அது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

சொல் ஆக்கும்போது நான் இரண்டைத்தான் பார்க்கிறேன். கேட்டவர் விளக்கம் கேட்கக் கூடாது. ஒருவருடைய உடலையோ குறையையோ குத்திக் காட்டுவதாக இருக்கக் கூடாது. இரண்டாவதை மகள் வீட்டில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறாள், அதில் நான் அவள் கட்சி.

இப்போது உன்னிடம் ஒரு சொல் கேட்க வேண்டியிருக்கிறது. கண் மட்டும் வரிகளில் ஓடிக்கொண்டிருக்க, மனம் வேறெங்கோ போய்விட்டு, பக்கத்தின் அடிக்கு வந்த பிறகுதான் ஒன்றுமே படிக்கவில்லை என்று உணர்கிறோமே, அதற்கு என்ன பெயர் வைக்கலாம்? நான் ‘கண்வாசிப்பு’ என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் திடுக்கிட்டு விழிக்கிற அந்த நொடி அதில் வரவில்லை. என் மனைவி சொன்ன ‘பக்கநழுவல்’ என்பதில் நழுவுவது பக்கமா மனமா என்ற குழப்பம் இருக்கிறது. பேத்தியிடம் கேட்கலாமென்றால், அவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஒவ்வோர் எழுத்தின் மேலும் மனம் முழுவதையும் வைத்துப் படிப்பவளுக்கு இந்த அனுபவமே இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே பொறுப்பு உன்னுடையது. நடைப்பயிற்சியில் யோசித்து, அடுத்த கடிதத்தில் எழுது. வீட்டில் அனைவரையும் நான் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழன்