எய்யா, சங்கிலி விஷயம் சொல்றேன்

எய்யா, அம்மாதான். போன்ல பேசினா வேலைக்கு நேரமாச்சும்ப, அதான் மொத்தமா டைப் பண்ணி அனுப்புறேன், மெதுவா படி.

போன வாரம் நீ கேட்டது மனசுலயே நிக்குது. பண்ண தப்ப கடவுள்கிட்ட நேரா சொன்னா போதாதா, எதுக்கு ஃபாதர்னு இன்னொரு மனுஷன் முன்னாடி முழங்கால் போட்டு பாவத்தயெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணணும், அதுவும் சாமியாருங்களே இவ்ளோ கொடுமை பண்ணியிருக்கும்போதுன்னு கேட்டியே. அந்தக் கோபம் தப்பே இல்லய்யா. நீ இருக்கிற அயர்லாந்துல 2009ல வந்த ரயன் அறிக்கைய பத்தி நானும் படிச்சேன், துறவற சபைங்க நடத்தின விடுதிகள்ல பிள்ளைங்க பட்ட அடியும் அவமானமும்... முழுசா படிக்க முடியல. அதுக்கெல்லாம் சாக்கு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா இப்ப நாம பண்ற மாதிரி தனியா ரகசியமா பாவசங்கீர்த்தனம் பண்ற வழக்கத்த 7ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுக்கு கொண்டு போனதும் அந்த அயர்லாந்து துறவிங்கதான்யா. அதுக்கு முன்னாடி கொலை, விபச்சாரம் மாதிரி பெரிய பாவம்னா ஊருக்கே தெரியுற மாதிரி வருஷக்கணக்குல பரிகாரம் பண்ணணும், சில இடத்துல வாழ்நாளுக்கே ஒரு தடவதான். இவங்க வந்துதான் எத்தன தடவ விழுந்தாலும் வரலாம்னு ஆச்சு. அப்புறம் 1215ல ஆயருங்க கூடின லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பண்ணணும்னு சட்டம் போட்டுச்சு, ஈஸ்டருக்கு முன்னாடி தபசுகாலத்துல ஆச்சி உன்ன விரட்டி விரட்டி அனுப்புவாளே, அது அங்கருந்து வர்றது.

நீ சொன்னதுலயும் பாதி சரிதான். கொரோனா சமயத்துல, 2020 மார்ச்ல, பாப்பரசர் பிரான்சிஸே சொன்னாரு, சாமியார் கிடைக்கலன்னா கடவுள்கிட்ட நேரா பேசு, பிறகு பாவசங்கீர்த்தனம் பண்றேன்னு வாக்கு குடு, மன்னிப்பு உடனே உண்டுன்னு. கடவுள் மேல உள்ள அன்பால பாவத்துக்கு மனசார வருந்துறத ஆச்சி உத்தம மனஸ்தாபம்னு சொல்லுவாளே, அதுதான்.

அப்புறம் எதுக்கு போறேன்னா, இத சொல்லித்தான் ஆகணும். பெரியம்மாவும் நானும் ஆறு வருஷம் பேசலன்னு உனக்குத் தெரியும், வீட்டு பங்கு தகராறுன்னு நெனச்சிருப்ப. அது இல்ல. ஆச்சி ஆஸ்பத்திரில கிடந்தப்ப ரெட்டவட சங்கிலிய என் கையில குடுத்து அக்காகிட்ட குடுத்துருன்னா. நான் எனக்குத்தான் குடுத்தான்னு சொல்லிட்டேன். பெரியம்மாவுக்கு சந்தேகம், கேட்டா, நான் சண்டைக்குப் போயிட்டேன்.

அந்த ஆறு வருஷமும் ராத்திரி ஜெபத்துல கடவுள்கிட்ட இத சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். ஆனா சொல்லும்போதே அவளுக்கு வசதி இருக்கு, எனக்குத்தான் உன் காலேஜ் பீஸ் கட்டணும்னு சேத்து சொல்லிருவேன், சொல்லிட்டு தூங்கியும் போயிருவேன். ஒரு பெரிய வியாழனுக்கு முன்னாடி கோயில்ல பாவசங்கீர்த்தன தொட்டில போய் முழங்கால் போட்டேன், சல்லடைக்கு அந்தப் பக்கம் ஃபாதரோட காது மட்டும் தெரியுது, விசிறிக்காத்துல அவர் கழுத்துல போட்டிருக்கிற ஊதா ஸ்டோலா துணி ஆடுது. வெளிய ஒரு வார்த்தை சொன்னா அவரே திருச்சபைய விட்டு விலக்கப்பட்டவரு, அந்த நம்பிக்கைலதான் வாயத் தொறந்தேன். பீஸ் கதையும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "சங்கிலி இப்ப எங்கம்மா இருக்கு?"

"பீரோல ஃபாதர்"னேன். அதுக்கு மேல எனக்கு பேச்சு வரல. அபராதமா மூணு அருள் நிறைந்த மந்திரம், சங்கிலிய திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான்.

மறுநாளே போனேன். பெரியம்மா உள்ள வான்னு கூட சொல்லல, சங்கிலிய வாங்கி வெளிச்சத்துல பாத்தா, ரொம்ப நேரம் பாத்தா, "கொக்கி தளந்துருச்சே, ஆசாரிகிட்ட குடுக்கணும்"னா. ஆறு வருஷத்துக்கப்புறம் அவ என்கிட்ட பேசின மொத வார்த்தை அதுதான்.

அந்த ஊர் கோயிலுக்குப் போக உனக்கு மனசு வரலன்னா நான் வற்புறுத்தல எய்யா. கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெரியம்மா வீட்டுக்குத்தான் மொதல்ல போகணும், நண்டு வைக்கிறேன்னு சொல்லியிருக்கா. கழுத்துல சங்கிலி கிடக்கும், பாத்துட்டு ஒண்ணும் கேட்டுறாத.

அம்மா