பெசாக் அடுக்களையையும் பாடமாக்குங்கள்: பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு நம்மவர்களைப் பயிற்றுவித்து அனுப்பும் நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏழு ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்றதொரு நிலையத்தில் மூன்று மாதம் பயின்று இந்நாட்டுக்கு வந்தவள் நான். படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, சர்க்கரை பார்ப்பது, அவசரத்துக்கு வேண்டிய எபிரேயச் சொற்கள் எல்லாவற்றையும் அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள்; அவை இன்றளவும் கைகொடுக்கின்றன. யூத வீட்டு அடுக்களைக்கு ஒதுக்கப்பட்டதோ அரை மணி நேரம். பன்றி இறைச்சி ஆகாது, இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, இரண்டுக்கும் பாத்திரம் தனித்தனி என்று சொல்லிவிட்டு, பெசாக் என்னும் யூதர்களின் பஸ்கா பண்டிகையைக் குறித்து "அந்த ஒரு வாரம் ரொட்டி சாப்பிட மாட்டார்கள்" என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொண்டார்கள். அந்த வரியை நம்பிப் பெத்தா திக்வா நகரில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குள் நுழைந்தேன். ஐந்தாம் வாரம் பெசாக் வந்தது.

பெசாக் அடுக்களையை ஒரு முழு நாள் பாடமாக, அதுவும் பாத்திரங்களை எதிரே வைத்துக்கொண்டு நடத்தும் பாடமாக, உங்கள் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நம்மில் விவிலியம் படித்து வளர்ந்தவர்களுக்குப் பஸ்கா என்ற பெயரும் புளிப்பில்லா அப்பமும் தெரியும். ஆனால் தமிழில் உள்ள அந்தப் புளிப்பு என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. புளித்தது எதுவும் ஆகாது, புளிக்காதது எல்லாம் ஆகும் என்று எண்ணிக்கொண்டு, இட்லி மாவை ஒளித்து வைத்துவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசைய உட்காரும் பெண்ணை நானே பார்த்திருக்கிறேன். உண்மை நேர் எதிரானது. ஹமேட்ஸ் என்று அவர்கள் விலக்குவது கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களின் மாவு தண்ணீரோடு சேர்ந்து ஊறியதைத்தான். மாவில் தண்ணீர் பட்ட பிறகு பிசையாமல் கிடத்திவைக்க 18 நிமிடம் வரைதான் கணக்கு, அதற்குள் அடுப்பில் ஏறினால் அது மட்சா என்னும் புளிப்பில்லா அப்பம், தாண்டினால் ஹமேட்ஸ். அரிசியும் உளுந்தும் இந்த ஐந்தில் இல்லை. ஆகவே எவ்வளவு பொங்கினாலும் இட்லி மாவு ஹமேட்ஸ் ஆகாது. பிசைந்து ஊறவிட்டுச் சுடும் நம் சப்பாத்தி, ஒரு துளி புளிப்பும் இல்லாதது, ஹமேட்ஸ்.

இதைச் சொல்லாமல் அனுப்புவதால் எங்கள் பெட்டிகளில் என்னவெல்லாம் வந்து சேர்கின்றன என்று பாருங்கள். ரவை, சேமியா, மேரி பிஸ்கட் ஆகியவற்றை யாரும் யோசித்தால் கண்டுகொள்வார்கள். ஹார்லிக்ஸ் கோதுமையும் பார்லியும் சேர்ந்தது என்பது பலருக்கு நினைவு வருவதில்லை. எல்லாவற்றிலும் மோசமானது பெருங்காயம். கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அந்தப் பெருங்காயம் போட்டு அரைத்த சாம்பார் பொடியும் அப்படியே. ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த பொடிப் பொட்டலத்தை நான் அந்த வீட்டு மசாலா அலமாரியில் நல்ல எண்ணத்தோடு அடுக்கி வைத்திருந்தேன். யூதரல்லாதவர் தமக்குச் சொந்தமான ஹமேட்ஸைத் தம் அறையில் தனியே ஒதுக்கி வைத்துக்கொள்வதை அவர்களுடைய சமயச் சட்டம் ஒரேயடியாகத் தடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அதை வீட்டாரிடம் முன்கூட்டிப் பேசி முடிவுசெய்ய வேண்டும், அடுக்களையில் கலக்கவே கூடாது.

இனி பாத்திரம். சூடாகச் சமைத்த பாத்திரத்தின் உடம்புக்குள் உணவின் சாரம் இறங்கிவிடுகிறது என்பதே இவர்களுடைய விதிகள் அனைத்துக்கும் அடிப்படை. இது நமக்குப் புரியாத சங்கதி அன்று. கருவாட்டுக் குழம்பு வைத்த மண்சட்டியை எத்தனை தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அதில் பாயசம் வைக்க நாம் துணிவோமா? எந்த வழியில் உள்ளே போனதோ அந்த வழியிலேயே வெளியே வரும் என்பது அவர்கள் கணக்கு. கொதிநீரில் வாங்கியதைக் கொதிநீர் வெளியேற்றும். நெருப்பில் நேரடியாக வாங்கியதை நெருப்புத்தான் வெளியேற்றும். விவிலியத்தின் எண்ணாகமம் 31ஆம் அதிகாரத்தில் நெருப்புக்கு நிற்கத்தக்கதை நெருப்பிலும் மற்றதைத் தண்ணீரிலும் தூய்மையாக்கச் சொல்லியிருப்பதில் இதன் வேர் இருக்கிறது. மண்ணும் பீங்கானும் வாங்கியதை விடவே விடா. அவற்றைக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

வெந்நீர் முறைக்கு ஹகாலா என்று பெயர். சொல்ல எளிது, செய்யும்போதுதான் இடறுகிறது. பானையைத் துருவும் கரியும் இல்லாமல், கைப்பிடித் திருகாணியின் இடுக்கு வரை சுரண்டிக் கழுவி, அதன்பின் 24 மணி நேரம் எதற்கும் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும். பிறகு பெரிய அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, கிடுக்கியால் பிடித்து முழுவதும் முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். ஒன்றை முக்கியதும் கொதி அடங்கினால் மறுபடி கொப்புளிக்கும்வரை அடுத்ததை முக்கக்கூடாது. அண்டாவையே சுத்தி செய்ய வேண்டுமானால் விளிம்புவரை நீர் நிரப்பிக் கொதிக்கவிட்டு, நெருப்பில் காய்ந்த கல்லொன்றை உள்ளே போடுவார்கள். வெந்நீர் பொங்கி விளிம்பைக் கழுவிக்கொண்டு வழியும். ஆசார யூதர் மிகுந்த பினேய் பிராக் நகரத் தெருக்களில் பெசாக்குக்கு முந்திய நாள்களில் பெரிய கொதிநீர்த் தொட்டிகளை வைத்திருப்பார்கள். வலைப்பையில் கரண்டியும் முள்கரண்டியுமாகக் கொண்டுவந்து வரிசையில் நிற்பவர்களைக் காணலாம்.

வறுவல் தட்டு, சுடுகம்பி, ஓவன் அடுப்பின் தட்டு போன்றவற்றுக்கு நெருப்பு வேண்டும். காஸ் அடுப்பின் மேற்கம்பிகளையும் நன்றாகச் சூடேற்றுவார்கள். ஓவன் அடுப்பைக் காரமருந்து தெளித்துத் துடைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்து, உச்சச் சூட்டில் ஓடவிடுவார்கள். பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டியில் மூலைமூலையாகக் கொதிநீரை ஊற்றலாம். பீங்கான் தொட்டியானால் உள்ளே வேறொரு தட்டத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். மேடைமீது அலுமினியத் தாளை ஒட்டுவது பல வீடுகளில் வழக்கம். அந்த வாரம் அடுக்களை முழுவதும் வெள்ளித் தகடு பதித்ததுபோல் பளபளக்கும். சல்லடை, துருவி, பாத்திரம் தேய்க்கும் நார் இவற்றோடு போராடாமல் புதிதாக வாங்கிவிடுவதே மேல். புதிதாக வாங்கியதிலும் ஒரு வேலை உண்டு: யூதரல்லாதவர் செய்த உலோகப் பாத்திரத்தையும் கண்ணாடியையும் முதலில் மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் அமிழ்த்த வேண்டும். பெசாக்குக்கும் இறைச்சிப் பாத்திரம் வேறு, பால் பாத்திரம் வேறு. ஆக ஒரு வீட்டில் நான்கு வரிசைப் பாத்திரங்கள்.

பண்டிகை முடியும்வரை தொடக்கூடாத பொருள்களை ஓர் அலமாரியில் அடைத்து, கதவில் நாடா ஒட்டி, ரப்பி என்னும் யூத சமயகுரு மூலம் யூதரல்லாத ஒருவருக்குச் சட்டப்படி விற்றுவிடுகிறார்கள். ஹமேட்ஸை உண்ணாமலிருந்தால் போதாது, உடைமையாகவும் வைத்திருக்கக்கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. அரசுக்குச் சொந்தமான ஹமேட்ஸைக்கூடத் தலைமை ரப்பிகள் இப்படித்தான் விற்கிறார்கள். எருசலேமை அடுத்த அபு கோஷைச் சேர்ந்த முஸ்லிம் அரபியர் ஒருவர் பல ஆண்டுகள் அதை வாங்கிவந்தார். நாடா ஒட்டிய அந்தக் கதவின் பொருள் எனக்குத் தெரிந்திருந்தால் பின்வருவது நடந்திருக்காது.

பெசாக்கின் இரண்டாம் நாள் காலையில் என் மூதாட்டி தேநீர் குடிக்க மறுத்தார். மறதி நோய் முற்றியவர். தன் நீலக் கோப்பையைத் தவிர வேறெதிலும் வாய் வைக்கமாட்டார். கும்குமில் தண்ணீர் கொதித்திருந்தது (மின்கெண்டிக்கு எபிரேயத்தில் அதுதான் பெயர், நெற்றிக் குங்குமம் நினைவுக்கு வந்து நான் சிரித்ததுண்டு). நாடாவை மெல்ல உரித்து, பீங்கான் கோப்பையை எடுத்துத் துடைத்து, தேநீர் ஊற்றி, பெசாக் கரண்டியால் சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மிச்சமின்றிக் குடித்தார். பிற்பகலில் வந்த மகள் உரிந்த நாடாவையும் கோப்பையையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு ரப்பியைத் தொலைபேசியில் அழைத்தார். கோப்பை கடைசியாக எப்போது பயன்பட்டது, கரண்டி எந்த இழுப்பறைக்குள் திரும்பிப் போனது என்று அங்கிருந்து வந்த கேள்விகளை என்னிடம் திருப்பிக் கேட்டார். கோப்பை அலமாரிக்குத் திரும்பியது. கரண்டி ஒரு பையில் கட்டப்பட்டது. என்னை அவர் திட்டவில்லை. "உனக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் சேர்க்கிறேன். அடுத்த ஆண்டு அதே நீலத்தில், தேய்மானமும் ஏறக்குறைய ஒத்த, கண்ணாடிக் கோப்பை ஒன்றைப் பெசாக்குக்கென்று தேடி வாங்கினோம். மூன்றாம் நாள் அவரும் ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பதையும் பாடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசிகள் அரிசி, பருப்பு, கடலை, எள், கடுகு முதலிய கித்னியோத் வகையையும் விலக்குகிறார்கள். கண்ணாடிப் பாத்திரத்திலும் அவர்களில் பலர் கடுமை. ஈராக்கிய யூதர் போன்றோர் அரிசி உண்பார்கள். இப்போது ராமத் கான் நகரில் ஓர் ஈராக்கியப் பெரியவரின் வீட்டில் இருக்கிறேன். அங்கே பெசாக் அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்ப்பார்கள். சுளகில் புடைத்துக் கல் பொறுக்கி வளர்ந்த எனக்கு அந்த வேலை கைவந்ததைக் கண்டு வீட்டம்மா மகிழ்ந்துபோனார். 2025இல் சித்திரை முதல் நாள் பெசாக்குக்குள் விழுந்தபோது, அந்த அரிசியில், பால் பாத்திரத்தில் பாயசம் வைத்து எல்லாரும் சாப்பிட்டோம். அதையே பெத்தா திக்வாவில் செய்திருந்தால் இன்னொரு தொலைபேசி அழைப்பு.

மட்சாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல்லில்லாத முதியவருக்கு அதைச் சூப்பில் ஊறவைத்துக் கொடுப்பதே நமக்குத் தோன்றும் வழி. ஹசிதியர் என்னும் ஆசாரப் பிரிவினர் பலர் ஊறிய மட்சாவைப் பெசாக்கில் உண்பதில்லை. விழுங்கச் சிரமப்படுபவருக்கு என்ன செய்வது என்பதைக் குடும்பத்தார் ரப்பியிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். நாம் முன்கூட்டியே நினைவூட்ட வேண்டும். பெசாக்குக்கு முந்திய இரவில் மெழுகுவத்தி ஏற்றி ஹமேட்ஸ் தேடும் சடங்குக்காகப் பத்துத் துண்டு ரொட்டியை ஒளித்து வைப்பார்கள். மறதி நோயாளி இருக்கும் வீட்டில் ஒளித்த இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது நல்லது. ஒன்பதே கிடைத்த ஓர் இரவை நான் மறக்கமாட்டேன்.

ஒரு மாதத்துக்கு நீளும் வீட்டுத் துப்புரவு முழுவதையும் எங்கள் தலையில் கட்டும் குடும்பங்களும் உண்டு. நோயாளியின் பராமரிப்பே எங்கள் பணி, குளிர்சாதனப் பெட்டியை நகர்த்துவதும் பெரிய அண்டாவைத் தூக்குவதும் அன்று என்பதையும் அதே வகுப்பில், அதே குரலில் சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு பெரிய பானை, ஒரு பீங்கான் கோப்பை, ஒரு துருவி, ஒரு கூட்டுப் பெருங்காய டப்பா, இங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெண் இருந்தால் போதும். வேலைக்குச் சேர்ந்ததும் வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும், பெட்டியில் கொண்டுவரக்கூடாத நம்மூர்ப் பொருள்களின் பெயர்களையும் தமிழில் நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டும் நிலையங்களுக்கு விலையின்றித் தருகிறேன். 2027இல் பெசாக் ஏப்ரல் 21ஆம் நாள் மாலை தொடங்குகிறது. வீடுகளில் அலமாரியை ஒழிக்கும் வேலை அதற்கு ஒரு மாதம் முன்பே, பூரிம் பண்டிகை முடிந்த கையோடு, தொடங்கிவிடும். அதற்குள் விமானம் ஏறப்போகும் வகுப்பிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ராமத் கானில் பணிபுரியும் ஒரு பராமரிப்புப் பணியாளர்