கமலாபுரம் ஓடுதளத்தில் வான்குதிப்புக்கு இசைவு தரும் முன்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், இந்திய விமான நிலையங்கள் ஆணையம், சேலம் மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றில் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் ஓமலூர் வட்டத்தில், கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தின் சுற்றுச்சுவர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வசிப்பவன். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். இன்றும் சிறிதளவு நிலத்தில் பயிர் செய்துவருகிறேன். அரியானாவின் பச்சோடு ஓடுதளத்திலும், மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜைனிலும் பணம் கட்டி விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் விளையாட்டு அண்மை ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. தென்னிந்தியாவில் அதற்கு இடம் தேடுவோர், நாளுக்குச் சில விமானங்கள் மட்டுமே வந்துபோகும் ஒரு சிறிய நிலையத்தைத்தான் முதலில் நினைப்பார்கள். எங்கள் ஊர் அவர்கள் நினைவுக்கு வருவது புதிதும் அன்று, ஏனெனில் இங்கே முன்பும் குதித்திருக்கிறார்கள். ஆகவே அடுத்த விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே இம்மடலை எழுதுகிறேன்; வந்து, இசைவும் தந்து, விமானமும் பறக்கத் தொடங்கிய பிறகு எழுதினால் அது வெறும் புகார்க் கடிதமாகிவிடும்.

2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெங்களூரிலிருந்து பயிற்சிக்காக வந்த ஓர் இளம்பெண் இந்த விமான நிலையப் பகுதியில் பாராசூட் விரியாமல் விழுந்து இறந்தார். செய்தித்தாள்களில் சில நாள்கள் அச்செய்தி வந்தது, பிறகு மறைந்துபோயிற்று. அவர் முதுகில் இருந்த பாராசூட்டை மடித்தவர் யார், அவரது தகுதியைச் சோதித்தவர் யார், முதல் பாராசூட் கைவிட்டால் இரண்டாவதை விரிக்க அவருக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி தரப்பட்டது என்னும் வினாக்களுக்கு எங்கள் ஊர்களில் எவரும் விடை அறிந்ததாக நான் கேட்டதில்லை. அந்த மரணத்தை நினைவூட்டுவது யார் மீதும் பழி சுமத்துவதற்காக அன்று. வந்த இடத்தில் உயிரைவிட்ட அந்தப் பெண்ணுக்கு, அவர் விழுந்த மண்ணில் வாழும் நாங்கள் செய்யக்கூடியது அந்த வினாக்களை விடாமல் கேட்பது ஒன்றுதான் என்று நம்புகிறேன்.

அன்றைய நிலையமும் இன்றைய நிலையமும் ஒன்றல்ல என்பதை முதலில் கருதுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2013-இல் இங்கே பயணியர் விமானம் எதுவும் வரவில்லை. 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானச் சேவையால் இணைக்கும் நடுவண் அரசின் உடான் திட்டத்தின்கீழ் சென்னைக்குச் சேவை தொடங்கியது. இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கி, பெங்களூரு, கொச்சி, ஐதராபாத், சென்னை என்று விரிந்தது. விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிறு விமானங்களும் இப்போது இதே வானத்தைப் பயன்படுத்துகின்றன. ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஓடுபாதையைப் பயணியர் விமானமும், தனியாகப் பறக்கப் பழகும் மாணவரும், ஆட்களை உதிர்த்துவிட்டு விரைந்து இறங்கும் மூன்றாவது விமானமும் பகிர்ந்துகொள்வதென்றால், அது அன்றைக்கு வெறும் திடலில் நடந்த பயிற்சியைப் போன்றதாக இருக்காது. பத்தாயிரம் அடியிலிருந்து குதிப்பவர் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார். எதிரே வரும் விமானி கண்ணாடி வழியே அவரைப் பார்த்து விலகுவது நடவாத காரியம். நேரத்தைப் பிரித்துக்கொடுப்பதும், குதிப்புக்கு முன் கட்டுப்பாட்டு அறையின் இசைவைக் கேட்டுப் பெறுவதும் மட்டுமே அங்கே பாதுகாப்பு.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக நடத்தப்படும் இடங்களில் இந்த விளையாட்டு முன்னைவிட மிகவும் பாதுகாப்பானதாக மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 36 இலட்சம் குதிப்புகள் நடந்து 10 பேர் இறந்ததாக அங்குள்ள பாராசூட் சங்கம் கணக்குத் தந்திருக்கிறது. இந்த எண் தானாகக் குறைந்துவிடவில்லை. ஒவ்வொருவர் முதுகிலும் முதன்மைப் பாராசூட்டுடன் மாற்றுப் பாராசூட்டும் இருக்க வேண்டும். அந்த மாற்றுப் பாராசூட்டை உரிமம் பெற்ற ஒருவர் மட்டுமே மடிக்க வேண்டும். பயன்படுத்தாவிட்டாலும் 180 நாள்களுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மீண்டும் மடித்து, நாளையும் கையொப்பத்தையும் அட்டையில் பதிய வேண்டும் என்பவை அங்கே சட்டம். குதித்தவர் மயங்கிவிட்டாலும் மாற்றுப் பாராசூட்டைத் தானே விரிக்கும் சிறு மின்னணுக் கருவி 1991 முதல் புழக்கத்தில் உள்ளது. அனுபவமுள்ளோர் அணியும் வகை, தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் இயங்குகிறது. அந்த வேகத்தில் 225 மீட்டர் என்பது நான்கு விநாடிப் பயணம். நான்கு விநாடிக்குள் ஓர் உயிரைக் காக்கும் கருவிக்கு மின்கலம் மாற்றப்பட்டதா, பராமரிப்புக் காலம் கடந்துவிட்டதா என்பதை எங்கள் மாவட்டத்தில் யார் பார்ப்பார்கள்?

பாராசூட்டைவிட எனக்கு மிகுந்த அச்சம் தருவது, ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானம்தான். குதிப்பவரின் துணிவைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் இந்த விமானம் எவர் கவனத்துக்கும் வருவதில்லை. 1992-இல் கலிபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் மாசடைந்த எரிபொருளால் இயந்திரம் வலுவிழந்து 16 பேர் இறந்தனர். 2013-இல் பெல்ஜியத்தில் 11 பேர், 2014-இல் போலந்தின் செஸ்டகோவா அருகே 11 பேர், சுவீடனில் 2019-இல் ஊமியோவிலும் 2021-இல் ஓரேப்ரூவிலும் ஒன்பது ஒன்பது பேர் என்று, குதிக்கப் போனவர்கள் குதிக்காமலேயே விமானத்தோடு மாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008-இல் வெளியிட்ட தனி அறிக்கை, 1980 முதல் இத்தகைய 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததைத் தொகுத்துக் காட்டி, பராமரிப்பிலும் விமானிப் பயிற்சியிலும் கண்காணிப்பிலும் உள்ள ஓட்டைகளைச் சுட்டியது. அதன் பிறகும் 2019 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் அவாய் மாநிலத்தில், டில்லிங்காம் என்னும் சிறிய ஓடுதளத்தில், புறப்பட்ட சில விநாடிகளில் விமானம் கவிழ்ந்து 11 பேர் இறந்தனர். விமானி முரட்டுத்தனமாகத் திருப்பியதே காரணம் என்று கூறிய அதே வாரியம், பாராசூட் குதிப்பு நிறுவனங்களை மேற்பார்வையிட அரசின் விமானத் துறை வைத்திருந்த விதிமுறைகள் போதாதவை என்பதையும் துணைக் காரணமாகப் பதிவுசெய்தது. அந்த விமானத்தின் இறக்கையில் பழைய விபத்தொன்றால் ஏற்பட்ட முறுக்கம் சரியாகத் திருத்தப்படாமலே இருந்தது.

அத்தனை அனுபவமும் அத்தனை விதிகளும் உள்ள நாட்டிலேயே, அரசின் கண் படாத மூலை ஒரு சிறிய ஓடுதளமாக இருந்திருக்கிறது. எங்களுடையதும் ஒரு சிறிய ஓடுதளம்தான்.

அடுத்து, தரை. கமலாபுரம், தும்பிப்பாடி, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களின் நிலத்தை வரைபடத்தில் மட்டும் பார்ப்பவர்களுக்கு அது திறந்த வெளியாகத் தோன்றும். நேரில் நடந்து பார்ப்பவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் திறந்த கிணறுகளையும், ஒவ்வொரு மோட்டார் கொட்டகைக்கும் இழுத்த மின்கம்பிகளையும், தென்னை பாக்கு வரிசைகளையும், அவற்றுக்கிடையே ஓடும் சாலைகளையும் காண்பார்கள். நான் குறிப்பிட்ட அமெரிக்கச் சங்கத்தின் அடிப்படை விதிகள், தனியாகக் குதிக்கும் பயிற்சி மாணவர் இறங்கும் இடத்தைச் சுற்றி 330 அடிக்கு, அதாவது நூறு மீட்டருக்கு, மின்கம்பியோ கட்டடமோ நீர்நிலையோ நெடுஞ்சாலையோ அடர்ந்த மரங்களோ இருக்கக் கூடாது என்கின்றன. நிலையத்தின் எல்லைக்குள் அப்படி ஒரு வட்டத்தைக் காட்டிவிடலாம்தான். காற்று அந்த வட்டத்துக்குள் நிற்குமா என்பதே கேள்வி. ஒரு பள்ளிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 900 மீட்டர் உயரத்தில் விரிந்த பாராசூட் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்கினால் தரைக்கு வர மூன்று நிமிடம் ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதைத் திருப்பி ஓட்டத் தெரியாத ஒருவர் அந்த மூன்று நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் விலகிப்போவார். ஒரு கிலோமீட்டர் விலகினால் அவர் இறங்குவது விமான நிலையத்தில் அல்ல, எங்கள் வயலிலோ, கிணற்றிலோ, கம்பியிலோதான். ஆடி மாதத்துக் காற்றைப் பார்த்தவர்களுக்கு 20 கிலோமீட்டர் என்பது மிகையான எண் அன்று.

காற்று அடங்கியிருக்கும் காலைப்பொழுதைத்தான் குதிப்பவர்கள் விரும்புவார்கள். அது சரியான முடிவும்கூட. ஆனால் ஓமலூர், காடையாம்பட்டிப் பகுதிகளில் குண்டுமல்லி மொட்டுப் பறிப்பதும் அதே பொழுதில்தான். விடிவதற்கு முன்பே பெண்கள் மடிகட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள், குனிந்த தலை வெயில் ஏறும்வரை நிமிர்வதில்லை. அவர்கள் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டி அறிவிக்காத எந்த ஏற்பாடும், வான்வழி அறிவிப்பு விமானிகளுக்கு முறையாக அனுப்பப்பட்டிருந்தாலும்கூட, முழுமையான ஏற்பாடு ஆகாது. பணம் கட்டிக் குதிப்பவர் ஆபத்தைத் தெரிந்து, படிவத்தில் கையொப்பமிட்டு, தம் விருப்பத்தோடு ஏற்கிறார். பூப் பறிப்பவர் எந்தப் படிவத்திலும் கையொப்பம் இடவில்லை.

ஓசையைப் பற்றிச் சுருக்கமாக மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் உயிருக்கு முன்னே அது சிறிய பொருள். ஆயினும் பயணியர் விமானம் வந்து போய்விடும். குதிப்பு விமானமோ உயரம் பெறுவதற்காக ஒரே ஊர்களின் மேல் சுற்றிச் சுற்றி ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறும். கொலராடோவின் லாங்மான்ட் நகரத்து மக்கள் இதே இரைச்சலுக்காக நீதிமன்றம் சென்றார்கள். 2015-இல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. இசைவு தரப்பட்ட பிறகு நேரத்தையும் பாதையையும் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். தேர்வு மாதங்களில் எத்தனை மணிக்குப் பறக்கலாம், நாளொன்றுக்கு எத்தனை முறை ஏறலாம் என்பவை இசைவாணையிலேயே எழுதப்பட வேண்டும்.

என் முதன்மையான கவலைக்கு இப்போது வருகிறேன். 1937-ஆம் ஆண்டின் விமான விதிகள் நெருக்கடி நேரம் தவிர, விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்குவதற்குத் தலைமை இயக்குநரகத்தின் இசைவு வேண்டும் என்கின்றன. ஆக, வானத்துக்கு ஒரு துறை உண்டு. ஓடுபாதைக்கு ஆணையம் உண்டு. தடையின்மைச் சான்றுக்கு மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உண்டு. இத்தனை அலுவலகங்கள் கையொப்பமிடும் ஒரு காரியத்தில், குதிப்பு நாளன்று காலையில் திடலில் நின்று, காற்றின் வேகத்தை அளந்து, மடிப்பு அட்டைகளைப் புரட்டி, பயிற்றுநரின் உரிமத்தைப் பார்த்து, "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லி நிறுத்தும் அதிகாரம் பெற்ற ஒரே ஓர் அலுவலர் யார்? இதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால், எத்தனை சான்றுகள் சேர்ந்தாலும் பொறுப்பு எவரிடமும் இல்லை என்றே பொருள். துயரம் நேர்ந்த பின் ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்குத் தாளைக் காட்டிவிடும். அவை அனைத்தும் சரியாகவே இருக்கும். ஆனாலும் ஓர் உயிர் போயிருக்கும்.

ஆகவே நான் கேட்பது தடை அன்று. விண்ணப்பம் வரும்போது அந்த அலுவலரை எழுத்தில் நியமித்து, அவர் பெயரையும் பதவியையும் வெளியிடுங்கள். விமானத்தின் எடைச் சமநிலைக் கணக்கையும் பராமரிப்புப் பதிவையும் நிறுவனத்தின் சொல்லை நம்பி ஏற்காமல் முன்னறிவிப்பின்றி வந்து சோதியுங்கள். பாராசூட்டை மடிப்பவரின் தகுதிக்கும், தானியங்கிக் கருவிக்கும், மாணவர் குதிப்பதற்கான காற்று வரம்புக்கும் எண்களோடு விதி வகுத்து அவற்றை இசைவாணையின் நிபந்தனைகளாக்குங்கள். குதிப்பு நடக்கும் நேரம் முழுவதும் ஓர் ஆம்புலன்ஸ் திடலிலேயே நிற்க வேண்டும். முதுகெலும்பு முறிந்தவரை எங்கள் ஊரிலிருந்து சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க நெடுஞ்சாலை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது இங்கே வாழும் எல்லாருக்கும் தெரியும். சுற்றியுள்ள கிணறுகளையும் மின்தடங்களையும் குறித்த வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலர்களின் துணையோடு தயாரித்து, குதிப்பவர் ஒவ்வொருவருக்கும் காட்டச் சொல்லுங்கள். வழிதவறி வயலில் இறங்குபவரால் பயிருக்கோ ஆளுக்கோ ஏற்படும் இழப்புக்கான காப்பீடு, குதிப்பவரின் காப்பீட்டிலிருந்து தனியாக இருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும், நம் பிள்ளைகளும் ஒருநாள் அதில் கையொப்பமிடுவார்கள்.

விரிவாக்கத்துக்கு நிலம் கேட்டபோது எங்கள் நான்கு ஊர்களும் எவ்வளவு கொந்தளித்தன என்பதை மாவட்ட நிர்வாகம் மறந்திருக்காது. அந்தக் கொந்தளிப்புக்கு நிலம் ஒரு காரணம் என்றால், எங்களைக் கேளாமல் எங்கோ முடிவாகிவிட்டது என்னும் எண்ணம் இன்னொரு காரணம். வான்குதிப்புக்கான விண்ணப்பம் எப்போது வந்தாலும், அதன் தமிழ் நகலை நான்கு ஊராட்சி அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி, அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில் வைத்து, உங்கள் அலுவலர் ஒருவர் அங்கே நேரில் வந்து எங்கள் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பூப் பறிக்கும் பெண்களும் வந்து கேட்கும்படி, கூட்டத்தைக் காலையில் அல்லாமல் மாலையில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓமலூர் வட்டத்து விவசாயியும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான ஒருவன்